தீப்பெட்டித் திரையும் எட்டு மீட்டர் வயரும்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரே குளியலறைக்குள் பத்துப் பேர் நின்றோம். குளிக்க அல்ல, சுவருக்குப் பின்னால் பார்க்க.

நான்கு மாடிக் கட்டடம். இரண்டாம் மாடி வீட்டுக் கூரையில் ஈரம். அதற்கு மேலே, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் தையல்காரம்மாவின் குளியலறைதான் ஒழுகுகிறது என்று குடியிருப்போர் சங்கம் முடிவு கட்டிவிட்டது. உறுதிப்படுத்த எங்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் கம்பெனி என்றால் முதலாளி, நான், ஒரு குழாய்க் கேமரா. இன்று போனது நானும் கேமராவும்தான். துப்பாக்கி மாதிரி கைப்பிடி, அதன் முதுகில் தீப்பெட்டி அளவுக்குத் திரை, முன்னால் வளைந்து போகும் நீளத் தண்டு, தண்டின் நுனியில் விளக்கோடு ஒரு கண். பழைய மாடல். எதையும் பதிவு செய்யாது. அந்த நேரத்தில் பார்த்தால் உண்டு.

காற்றுப்போக்கித் துளை வழியாகத் தண்டை விட்டேன். சுவருக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கு. எல்லா மாடிக் குழாய்களும் அதில்தான் இறங்குகின்றன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான்காம் மாடியிலிருந்து வரும் குழாயில் விரிசல். தண்ணீர் அதன் முதுகு வழியே கீழே போய்க்கொண்டிருந்தது. தையல்காரம்மாவின் குழாய் காய்ந்து கிடந்தது.

சங்கச் செயலாளர் கேமராவை வாங்கினார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கையை நீட்டினார், தலையைப் பின்னால் இழுத்தார், மறுபடி கையை நீட்டினார். பிறகு, "இதோ! வெள்ளையா, நீளமா! இந்தம்மா குழாய்லதான் விரிசல்!" என்றார்.

அது ட்யூப்லைட். திரைக் கண்ணாடியில் விழுந்த பிம்பம்.

கேமரா கை மாறியது. சங்கத்தின் மற்ற ஏழு பேரும் வரிசையாக, "ஆமா, நல்லாத் தெரியுதே." எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஐந்து பைகளில் கண்ணாடி. ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு ட்யூப்லைட்டை ஒருமனதாகக் கண்டுபிடித்துவிட்டு, 15ஆம் தேதி சனிக்கிழமை குளியலறையை உடைப்பதென்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

நான் "இல்ல சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கேமராவின் மூடியை அங்கே விட்டு வந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். (வேண்டுமென்றே விட்டேனோ? தெரியவில்லை.)

தையல்காரம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி, தோளில் ஈரத் துண்டு. பன்னிரண்டு நாளாகக் குளியலறையைப் புழங்கக் கூடாது என்று சங்கம் சொல்லியிருக்கிறதாம். காவலாளி அறைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பயன்படுத்துகிறார். மூன்று மாடி. ஒரு முட்டியில் உறை போட்டிருக்கிறார்.

"ராத்திரி தண்ணியே குடிக்கறதில்லம்மா. குடிச்சா இறங்கணுமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "உடைச்சா எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

ஒரு மாதம். நான் "பார்க்கலாம்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பார்ப்பேன்? என் முகரையையா?

பன்னிரண்டு நாளாக அந்தக் குளியலறையில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கீழே ஈரம் மட்டும் காயவில்லை. இது எட்டுப் பேரில் ஒருவர் மண்டைக்கும் எட்டலையா?

மார்ச் 5, புதன்

முதலாளியிடம் சொன்னேன். எழுதித்தான் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். வாசித்துவிட்டு என் எதிரிலேயே செயலாளருக்குப் போன் போட்டார், நல்ல மனிதர். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது: "எட்டுப் பேர் நேர்ல பார்த்தாச்சு சார். எங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலைங்கறீங்களா?"

முதலாளி போனை வைத்தார். "நாம குழாயப் பாக்கற கம்பெனிம்மா. ஆளுங்க கண்ணப் பாக்கற கம்பெனி இல்ல."

பார்த்துவிட்டதாகச் சொன்னவர்களிடம் எப்படி மறுபடி பார்க்கச் சொல்வது? பெரிதாகக் காட்டுவதைத் தவிர வழியில்லை.

கேமராவின் அடியில் ரப்பர் மூடிக்குள் ஒரு சின்ன வட்டத் துளை இருக்கிறது. 'வீடியோ அவுட்' என்று போட்டிருக்கிறது. அதற்கான வயரைக் கேட்டேன். "அதோட வந்துது. எங்கேயோ இருக்கும்" என்றார் முதலாளி. எங்கள் அலுவலகத்தில் 'எங்கேயோ' என்ற இடம் ரொம்பப் பெரியது.

மார்ச் 6, வியாழன்

எல்லா அலமாரியும் பார்த்தாயிற்று. பதினேழு வயர் கிடைத்தது. ஒன்றும் நுழையவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே போன் ரிப்பேர் கடை. கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் 'ஒரு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் காணாமல் போவார்.

"ஒரு நிமிஷம்" என்றார். வந்தார். கொடுத்த வயரின் முனை தடிமன். "அமுக்கிப் பாருங்க, போகும்." போகாது. இன்னொரு நிமிஷம். இந்த முறை ஒரு முனை மெல்லியது, மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று செருகிகள். டப்பென்று உட்கார்ந்தது!

"இதுதான் கடைசி பீசு. இப்பல்லாம் யாரும் இதக் கேக்கறதில்ல. என்ன மெஷின்மா அது?"

"குழாய்க்குள்ள பாக்கறது."

"பாத்து?"

இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. நாலு வருடம் படித்தும்.

மார்ச் 9, ஞாயிறு

கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் டிவியின் பின்னால் செருகினேன். டிவிக்குப் பின்னாலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை. மஞ்சளில் மஞ்சள், சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை. திரை நீலம். எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். நீலம். மதியம் முழுக்க நீலம்.

அப்பா பிளம்பர். நான் படித்து முடித்து இந்த வேலைக்குப் போன அன்றைக்கே, "இவ்வளவு படிச்சு கடைசில நீயும் குழாய்க்குள்ளதான் எட்டிப் பாக்கறியா?" என்று சிரித்தவர். இன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்ஜினியரம்மா, என்ன படம் ஓடுது?"

"வயர் சரியில்லப்பா."

"கடல் படம்னு நெனச்சேன்."

அம்மா சமையலறையிலிருந்து, "அவளச் சீண்டாதீங்க, அழுதுடுவா" என்றார். அதைக் கேட்டதும்தான் அழுகை வருகிற மாதிரி இருந்தது. அம்மாவின் ஆறுதல் எப்போதும் இப்படித்தான்.

இன்னும் ஆறு நாள்.

மார்ச் 10, திங்கள்

வயர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் சரியில்லை.

வேலை முடிந்து வந்து, வெறுத்துப்போய் மூன்றையும் பிடுங்கினேன். சிவப்பு கைக்கு வந்தது. சும்மா அதை மஞ்சள் துளையில் வைத்தேன். எங்கள் வீட்டுத் தரை டிவியில் வந்துவிட்டது! ஒரு எறும்பு, பூனை அளவுக்கு.

எந்த நிறத்துக் கம்பி மெல்லிய முனையின் எந்த வளையத்துக்கு என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் அதனதன் இஷ்டத்துக்குப் போகிறது போலிருக்கிறது. நிறத்தை நம்பியது என் தப்பு. படிவத்தில் 'இங்கே எழுதக் கூடாது' என்ற கட்டத்தைக் கண்டால் பேனாவைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிற ஆள் நான். மஞ்சளில் சிவப்பைச் செருகலாம் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அம்மா எறும்பைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை டப்பாவ யார் திறந்து வச்சது?" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

வயரின் நீளம் ஒரு மீட்டர். தையல்காரம்மாவின் டிவி முன்னறையில். குளியலறை கடைசியில். இன்று போய் அளந்தேன், அவருடைய தையல் நாடாவால்தான். எட்டு மீட்டர் வேண்டும்.

"டிவியத் தூக்கிக் குளியலறைல வெச்சுட்டா?" என்றார் அவர்.

"எட்டுப் பேரும் உள்ள வந்து நிக்கணுமேக்கா."

"வேணாம்மா. ஒரு தடவ நின்னதே போதும். வாசனை போக ரெண்டு நாள் ஆச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கே ஆச்சரியம்.

மார்ச் 12, புதன்

இரண்டு காரியம்.

ஒன்று, அழைப்பு. 'உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று சொல்லாமல் சொல்ல வேண்டும். ஆறு தடவை அடித்து எழுதி, முதலாளி பெயரில் அனுப்பினோம்: "உடைக்கும் முன், சங்கத்தினர் ஏற்கெனவே கண்டறிந்ததைப் பெரிய திரையில் குடும்பத்தோடு காண இலவச ஏற்பாடு." ஏற்கெனவே கண்டறிந்ததை! என் பேனாவா இது? செயலாளரிடமிருந்து அரை மணியில் பதில்: வெள்ளி மாலை ஐந்து மணி. டீ உண்டா?

இரண்டு, வயர். 'ஒரு நிமிஷம்' கடையில் கேபிள் டிவி வயர் ஏழரை மீட்டர் வாங்கிக்கொண்டேன். இருக்கிற ஒரே வயரை நடுவில் வெட்டி, இதை இடையில் சேர்க்க வேண்டும். கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். (வெட்டும்போது கண்ணை மூடுகிறவள் இன்ஜினியர்.)

வயருக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் கம்பி வலை; நடுக்கம்பியோடு நடுக்கம்பி, சுற்று வலையோடு சுற்று வலை. அப்பாவின் பற்றவைக்கும் கோலால் ஈயம் வைத்தேன். படம் இல்லை. வலையின் ஒரு முடிக்கம்பி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரித்து, மறுபடி.

அப்பா எட்டிப் பார்த்தார். "என் ஜாயின்ட்ல கோளாறுன்னா தண்ணி ஒழுகும். உன் ஜாயின்ட்ல கோளாறுன்னா என்ன ஒழுகும்?"

"மானம்பா."

அவர் விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை, படம் வந்தது. கொஞ்சம் நடுங்குகிறது.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வயரைச் சுவரோரமாக ஒட்டி, சிவப்பை மஞ்சளில் செருகினேன். செயலாளர் பார்த்துவிட்டார். "ஏம்மா, கலர் மாறியிருக்கே! படிச்ச பொண்ணுதானே?" முதலாளி என்னைப் பார்த்தார். நான் டிவியைப் போட்டேன். குளியலறை வாளி திரையில் வந்தது. செயலாளர், "ம்" என்றார்.

ஒன்றை நான் யோசித்திருக்கவேயில்லை. கேமரா குளியலறையில், டிவி முன்னறையில். நான் கேமராவோடு இருக்க வேண்டும். அப்படியென்றால் அங்கே யார் விளக்குவது? முதலாளிதான் பேசுவார் என்று நிம்மதியாக இருந்தேன். அவரோ திரையைப் பார்த்து, "இது... அதாவது... ஒரு குழாய்" என்றார். அதோடு சரி.

"எது யார் குழாய்? ஒண்ணும் புரியலையே!" முன்னறையிலிருந்து சத்தம். "உடைக்கறவன நாளைக்கு வரச் சொல்லியாச்சு, நேரத்த வீணாக்காதீங்க." நாற்காலி நகரும் ஓசை. போகப் போகிறார்கள்.

அப்போது குளியலறையிலிருந்து யாரோ ஒருத்தி, "உட்காருங்க சார்!" என்றாள். ஓடு பதித்த நான்கு சுவரிலும் மோதி, பெரிய குரலாகப் போயிற்று. நான்தான்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நிற்காமல் வந்தது. "இடது பக்கம் இருக்கறது இந்த வீட்டுக் குழாய். தூசி படிஞ்சிருக்கு பாருங்க, சொட்டு ஈரமில்ல. இப்ப வலது பக்கம் போறேன். இது நாலாம் மாடிக் குழாய். நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரியுதா?"

பெரிய திரையில் அந்த விரிசல் ஒரு முழ நீளம். நாற்காலிகள் திரும்ப இழுபடும் ஓசை.

"நாலாம் மாடில யாராவது தண்ணி விட்டா தெரியும்" என்றேன்.

நான்காம் மாடி செயலாளர் வீடு.

அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது, வீட்டுக்குப் போனில்: "துணி தொவைக்கற தண்ணிய இப்ப வெளிய விடு... ஏன்னு அப்புறம் சொல்றேன்... விடேன்!"

பத்து விநாடி. விரிசலிலிருந்து நுரை பொங்கிற்று. வெள்ளை நுரை, கொப்புளம் கொப்புளமாக, குழாயின் முதுகில் ஊர்ந்து இரண்டாம் மாடிக்கு இறங்கியது.

"நல்லா நுரைக்குது, என்ன சோப்பு சார்?" என்று தையல்காரம்மா கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் வெளியே வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "எனக்கு அன்னைக்கே சந்தேகம்" என்றார். இன்னொருவர், "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். செயலாளர் மட்டும் என்னிடம், "வெளிப் பக்கமா சாரம் கட்டி மாத்தணுமா?" என்று கேட்டார். இந்த வீட்டில் எதையும் தொட வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். டீயைக் கேட்க மறந்துவிட்டார்.

மார்ச் 15, சனி

யாரும் எதையும் உடைக்கவில்லை. பத்து மணி வரை தூங்கினேன்.

மார்ச் 22, சனி

புதுக் குழாய் மாட்டிவிட்டார்கள். வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதித் தர முதலாளி என்னைத் தனியாக அனுப்பினார்.

தையல்காரம்மா வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளேயிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "யாரு?" என்று குரல்.

"நான்தான்கா. குழாய் பாக்க வந்தேன்."

"உக்காரும்மா! இப்பதான் ஊத்த ஆரம்பிச்சேன்."

உட்கார்ந்தேன். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த நீலச் சட்டை. நான் வந்து கால் மணியாயிற்று. செயலாளர் ஒரு காகிதத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"எங்க அவங்க? ஒரு கையெழுத்து வேணும். கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லும்மா."

"குளிக்கறாங்க சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகும் சார். அப்புறம் வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காகிதத்தை மடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

உள்ளே குழாயை மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது வாளி.