தட்டில்லாத நாளில் ஏழு தவிட்டுக்குருவி

திங்கள், ஜூலை 7
காலையிலேயே புழுக்கம். மரக்கிளையில் தொங்கும் பறவைத் தீனித் தட்டில் கம்பு, நொய். இடைவேளையில் பத்து நிமிடம் வேப்பமரத்தடி. காக்கா (கா.) 5, மைனா (மை.) 3, தவிட்டுக்குருவி (த.கு.) 6. ஏழாம் வகுப்பு இன்னும் அணிலையும் சேர்த்து எண்ணுகிறது. ஒரே நேரத்தில் தட்டில் இருப்பதுதான் கணக்கு, போய் வந்ததைக் கூட்டக்கூடாது. தொண்டை வற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் பறவைப் பதிவேடு மாவட்டக் கண்காட்சிக்குப் போகிறது. இரண்டு வருட வேலை. எண்ணும் முறை: தி., பு., வெ. நான். செ., வியா. கணக்கு டீச்சர் கலா. பதினோரு வருடமாகப் பக்கத்து நாற்காலி. முன்னுரைக்கு முதல் வரி கிடைத்துவிட்டது: கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதியிருக்கிறோம்.

வாங்க: நொய் 2 கிலோ. செருப்பு வார் தைக்க.

செவ்வாய், ஜூலை 8
லீவு. அம்மாவுக்குக் கண் பரிசோதனை, பூந்தமல்லி. திரும்பும்போது மழை, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கலாவிடமிருந்து மெசேஜ்: "த.கு. ஏழுடி இன்னிக்கு!" குஞ்சு ஒன்று கூடியிருக்கும். அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

புதன், ஜூலை 9
தட்டைக் காணோம். கிளையே இல்லை. வாட்ச்மேன் ஏழுமலை சொன்னார்: "ஒயர்ல இடிக்குதுன்னு திங்கக்கெயம சாயங்காலமே கெளைய வெட்டிக்கினு பூட்டாங்க டீச்சர். தட்டு ஸ்டோர்லதான் கீது."

திங்கள் சாயங்காலமே.

பதிவேட்டில் செவ்வாய்: கா. 4, மை. 4, த.கு. 7. "தட்டின் ஓரத்தில் சண்டை" என்று குறிப்பு வேறு. சண்டையாம்! மூன்று முறை படித்தேன்.

வியாழன், ஜூலை 10
கேட்டுவிட்டேன். கலா சிரித்தாள். "தெனமும் அதே காக்கா, அதே மைனா. உன் பக்கத்தப் பாத்து ஒண்ணு ரெண்டு மாத்திப் போட்டேன். இதுக்குப் போய் இன்னாடி?"

எத்தனை நாளாக?

"ஞாபகம் இல்ல. வெயில்ல நிக்க முடியலடி."

முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நாளும் நானே நின்றிருப்பேன். பாதிப் பதிவேடு பொய். எந்தெந்த நாள் உண்மையாக நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பாத்ரூமில் போய் அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம்.

ஹெச்.எம்.மிடம் அனுப்ப வேண்டாம் என்றேன். "நீங்களே கெடுத்துக்காதீங்கம்மா, யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று வந்துவிட்டேன்.

ஏழுமலை தட்டை வேறு கிளையில் கட்டிவிட்டார். மதியம் சாப்பிடவில்லை.

வெள்ளி, ஜூலை 11
மேகமூட்டம். பதிவேடு போகவில்லை. இன்று என் முறை, ஆனால் இடைவேளையில் போனால் கலா முன்னமே மரத்தடியில் நிற்கிறாள், கையில் பென்சில். "த.கு. மூணு," என்றாள் மெதுவாக. "எய்திக்கோ."

நிமிர்ந்து தட்டைப் பார்த்து எண்ணினேன். மூன்றுதான்.

நான் எண்ணியதை அவள் பார்த்துவிட்டாள்.