எந்தக் கொலிஜ்?

அண்ணை,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி எடுத்துத் தந்த உங்கள் மஃப்ளரில் இன்னும் அந்துருண்டை மணக்கிறது. இங்கிலாந்தில் நீங்கள் படித்த கல்லூரியின் கோடுகள் போட்டது. நாம் புலம்பெயர்ந்து வந்த இந்த டார்னெய்ட் குளிருக்கு அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். 'நீங்கள் படித்த' என்று இன்றைக்குத்தான் சந்தேகமில்லாமல் எழுத முடிகிறது.

நாம் முதலில் சந்தித்தது பக்கத்து ஊரான ட்ருகனினாவில், ஒரு பிறந்தநாள் விழாவில். யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "அண்ணை எந்தக் கொலிஜ்?" நம் ஊரில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். அது உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்களோ இங்கிலாந்துக் கல்லூரியைச் சொன்னீர்கள்.

"அது இல்லை, ஊரிலை?" என்றேன்.

காதில் விழாதவர் போல, "முதல் அது துறவிமார் இருந்த மடம். பிறகு ஒரு பிஷப் வந்து..." என்று தொடங்கிவிட்டீர்கள். கேக் வெட்டி முடிந்தும் நீங்கள் முடிக்கவில்லை.

ஆள் புளுகுகிறார் என்று அன்றே முடிவுகட்டினேன். பிறகு எத்தனை கண்ணி வைத்தேன்! புல்தரையில் யார் யார் நடக்கலாம்? சாப்பாட்டுக்கு முன் எந்த மொழியில் செபம்? எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தீர்கள். மகளை விட்டு இணையத்தில் தேடினேன். அத்தனையும் சரி. "அப்பா, ஜஸ்ட் லீவ் இட்," என்றாள். நான் விடவில்லை. இவ்வளவு சரியாகச் சொல்பவர் எங்கோ வாசித்துப் பாடமாக்கியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

வேறு கிறிஸ்தவ சபைக்காரரை அந்தக் கல்லூரி நூற்றாண்டுக் கணக்காகச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கும். உடனே சாப்பாட்டு மண்டபத்துக்குத் தாவிவிடுவீர்கள். "நீள வாங்கு. பொடியள் எல்லாருக்கும் ஒரே வாங்கு, தெரியுமோ?" உட்காரும் வாங்குப் பலகையில் என்ன பெரிய அதிசயம் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று அக்காவிடம் கேட்டேவிட்டேன். "அண்ணை உண்மையா அங்கை படிச்சவரோ?"

"ஓம் தம்பி, அது உண்மை. ஊர்ப் பள்ளிக்கூடத்தைத்தான் அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கடை சாதிப் பிள்ளையளை அங்கை வாங்கிலை இருக்க விடேல்லை. நிலத்திலை இருந்து படிச்சவர். கொலிஜைச் சொன்னா ஊர் தெரியும். ஊர் தெரிஞ்சா மற்றதும் தெரியும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் என் வீட்டுக் கதிரையில் இருந்து தேநீர் குடித்தவர் என்னையும் நம்பவில்லையே! நான் உங்களைச் சந்தேகித்ததை விட நீங்கள் என்னைக் கூடுதலாகச் சந்தேகித்திருக்கிறீர்கள். பிறகு யோசித்தேன். அந்தக் கேள்வியை நான் எதற்குக் கேட்டேன்? உங்கள் படிப்பை அறியவா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை, அண்ணை.

இன்று காலை மளிகைக் கடையில் புதிதாக வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து கிட்ட வந்தார். "அண்ணை யாழ்ப்பாணமோ? எந்தக் கொலிஜ்?"

என் பள்ளிக்கூடத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மஃப்ளரை இழுத்துச் சரிசெய்தேன்.

"முதல் அது துறவிமார் இருந்த மடம், தம்பி," என்று தொடங்கினேன்.