சுற்றிக்கொள்ளாத கொடி

1927 ஜூலை 10, ஞாயிறு

பூசை முடிந்ததும் சாமி என்னைக் கூப்பிட்டு, "மாதா திருவிழாவுக்கு லாஞ்சுக் கொடி இந்த வருசமும் நீயே தச்சுடும்மா" என்றார். ஹில்டா அக்காவின் முகம் சுண்டிப் போனது. கோயில் தலைவரின் மனைவி ஆயிற்றே. "போன வருசம் பாத்தது போதாதா சாமி? மறுபடியும் இவளா?" என்று என் காதில் விழும்படியே சொன்னார்.

போன வருசம் கொடியைக் கட்டிக்கொண்டு லாஞ்சுப் படகு ஜெட்டித் துறையிலிருந்து பேராக் ஆற்றில் மேலே போய், வளைவில் திரும்பியது. திரும்பும்போது கொடி கம்பத்தைச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கொடியிலிருந்த மாதாவின் முகமே தெரியவில்லை. தெலுக் ஆன்சன் கரை முழுக்க 'ஐயையோ' என்றது. தைத்தவளுக்குக் கைராசி இல்லை என்று அன்றைக்கே பேச்சு. அதிலிருந்து ஞானஸ்நானச் சட்டை, கல்யாண உடுப்பு எதுவும் என் மெஷினுக்கு வருவதில்லை. கிழிந்த கால்சட்டைதான் வருகிறது. ஈப்போ கான்வென்டில் தையல் படித்தவளுக்குக் கிழிந்த கால்சட்டை!

தைக்கத்தான் போகிறேன். சுற்றிக்கொள்ளாமல் பார்க்கவும் போகிறேன்.

ஜூலை 13

அந்த லாஞ்சில் சுக்கான் பிடிப்பவர் என் வீட்டுக்காரர் டொமினிக். ராத்திரி சோறு போடும்போது கேட்டேன், கொடி ஏன் சுற்றுகிறது என்று. "லாஞ்சு திரும்புது, காத்து திரும்புது. கம்பம் மட்டும் திரும்பாது. துணி என்ன செய்யும்? கம்பத்தத்தான் கட்டிப் பிடிக்கும்லா" என்றார்.

கம்பம் திரும்பாது. சரி. வேறு எது திரும்பும்?

ஜூலை 14

நூல்கண்டு! மெஷின் தலையில் கம்பி சும்மா நிற்கிறது, கண்டுதானே சுற்றுகிறது. தினமும் கண்ணெதிரே இருக்கிறதே. மரமண்டை நான்.

ஜூலை 17

அவர் நல்ல மூங்கிலாகப் பார்த்து வெட்டி வந்து, உள்கணுவைக் காய்ச்சிய கம்பியால் குடைந்து குழாயாக்கித் தந்தார். அதைக் கொடிக்கம்பத்தில் மேலிருந்து மாட்டினோம். கீழே நழுவாமல் இருக்க ஒரு ஆணி. கொடியைக் கம்பத்தில் கட்டாமல் குழாயில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். என் பழைய சாரோங் கைலியைக் கட்டி ஜெட்டியில் நிறுத்திப் பார்த்தோம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் குழாய் அந்தப் பக்கம் திரும்புகிறது.

"பொம்பள மூளையா இது?" என்றார்.

"பின்ன, உங்க மூளையா?" என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 22

நாள் முழுக்க மழை. மூங்கிலும் ஊறி, கம்பமும் ஊறி, குழாய் இறுகிப் பிடித்துக்கொண்டது. அசைக்கவே முடியவில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது? கொடியேத்தத்து அன்னைக்கு மழை பேஞ்சா? மறுபடி ஊரே பாக்க மாதா முகத்த மூடிக்கிட்டா? நான் எப்படித் தலை தூக்கி நடப்பேன்? அவர் சமாதானம் சொல்ல வந்தார். அவர் மேலேயும் எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூலை 24, ஞாயிறு

பீடம் துடைக்கிற முறை இன்று என்னுடையது. எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சுரண்டும்போது மெழுகு படிந்த விரலில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது. சாமியிடம் கேட்டு அத்தனை துண்டையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குழாயை இன்னும் கொஞ்சம் அகலமாகக் குடைந்து, மெழுகை உருக்கி உள்ளேயும் வெளியேயும் ஊற்றி, கம்பத்திலும் தேய்த்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது!

ஜூலை 30

கொடி முடிந்தது. நீலக் கரை, நடுவில் மாதா. ஜரிகை வைக்கவில்லை, கனம். என் கையால் தைத்ததிலேயே இதுதான் முதல் தரம்.

ஆகஸ்ட் 6, சனி

இன்று மாதா திருவிழாக் கொடியேற்றம்.

லாஞ்சு புறப்படப் போகிற நேரம். ஹில்டா அக்கா பெரிய மல்லிகை மாலையைக் கொண்டுவந்து, பக்தியாகத்தான், குழாயையும் கம்பத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டினால் குழாய் எப்படித் திரும்பும்? "அவுத்துடுங்கக்கா" என்றேன். "மாதாவுக்குப் போட்ட மாலைய அவுக்கச் சொல்றியா?" என்று கத்தினார். லாஞ்சு மணி அடித்துவிட்டது. இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டினேன்.

ஜெட்டியில் நின்ற கூட்டத்திலிருந்து "அடிப்பாவி" என்று ஒரு குரல். மாலையை லாஞ்சின் முன்பக்கம் கட்டிவிட்டு இறங்கினேன். கொடி இன்றைக்குச் சுற்றிக்கொண்டால் இந்த ஊரில் எனக்கு வாழ்வில்லை.

வளைவில் லாஞ்சு திரும்பியது. கொடி தொய்ந்தது. ஒரு முனை போய்க் கம்பத்தைத் தொட்டது. மாதாவே, மாதாவே. பிறகு காற்று வந்தது, குழாய் மெதுவாகத் திரும்பியது, கொடி விரிந்தது. மாதா எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஜெட்டி வரைக்கும். 'மரியே வாழ்க' என்று கரை முழுக்கச் சத்தம். நான் வாய் விட்டு அழுதேன். அழுதால் என்ன? அது என் கொடி. சுக்கானைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்ற சாமியைக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்.

ஆகஸ்ட் 19

மாலையில் ஹில்டா அக்கா வந்தார். கையில் வெள்ளைப் பட்டு. மகள் ஜோனுக்கு அக்டோபரில் கல்யாணம். "உன் கைராசிலதான் தைக்கணும் கெர்ட்ரூட்" என்றார்.

"ராசியெல்லாம் இல்லக்கா. மூங்கிலும் மெழுகும்" என்றேன்.

அவர் பட்டை மெஷின் மேல் வைத்தார். ஜோன் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். என் வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று போன வருசம் அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அளவு எடுக்கணும். பொண்ண உள்ள வரச் சொல்லுங்க" என்றேன்.

ஹில்டா அக்காவே வாசலுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.