கண்ணாடிக்குள் போன ஹாரன்

ஜூன் 3, செவ்வாய்

'என் வீடு' கட்டுரை எழுதச் சொன்ன அன்று மூன்றாம் வகுப்பு மாயம்மாள் கேட்டாள்: "டீச்சர், வாரவங்க பாக்குறத எழுதவா, நாங்க இருக்குறத எழுதவா?" இரண்டும் ஒன்றுதான், எழுது என்றேன். இன்று ஹாலை மாற்றி அடுக்கத் தொடங்கியதும் அவள் ஞாபகம்.

ஹால் எப்படி இருக்க வேண்டும் என்று மகள் ரீனா சென்னையிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். மூலைக்கு மூலை கிடப்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த கூழாங்கற்கள், வேளாங்கண்ணிச் சங்கு, இவர் சிறுமலை பஸ் ஓட்டிய காலத்து ரப்பர் ஹாரன்.

ஜூன் 7

கண்ணாடி ஷோகேஸ் வந்துவிட்டது, கூடவே ஒரு டீபாயும். உள்ளே விளக்கு. நடுத்தட்டில் ஹாரன். அது வாசலருகே ஸ்டூலில் இருந்த வரைக்கும், போகும்போதும் வரும்போதும் இவர் அதை ஒரு அமுக்கு அமுக்குவார். எனக்கு எரிச்சல் வரும். இப்போது லட்சணமாக இருக்கிறது. கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு டீச்சர்" என்றார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

ஜூன் 8

ஞாயிறு பூசைக்கு இவர் வரவில்லை. கால் வலியாம்.

ஜூன் 10

மூன்று நாளாகப் பின்னறையை விட்டு வரவில்லை. சாப்பாடும் அங்கேதான். கேட்காமல் ஹாரனை எடுத்ததில் கோபமா? இந்த வயசுல இம்புட்டு வீம்பா?

ஜூன் 11

போன் அடித்ததென்று ஹாலுக்கு வந்தவர் புது டீபாயில் இடறி விழுந்தார். புருவத்தில் காயம். பஞ்சால் துடைத்தபோது சிரித்தார். "வளைவ மாத்திட்ட, போர்டு வைக்கலையே டீச்சர்."

எத்தனை நாளாகக் கண் தெரியவில்லை என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னாடியே போச்சு. ஸ்டூலு, ஹாரனு, சங்கு… அதத் தொட்டுத் தொட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். சொன்னா கையப் பிடிச்சு நடத்துவ."

சர்க்கரையால் பார்வை மங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மங்கியிருக்கிறது என்றே நினைத்தேன். ஐந்து மாதம் – ஒரே வீட்டில். கரும்பலகை தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை ஒரே வாரத்தில் கண்டுபிடிக்கிறவள் நான். வீட்ல எங்கடி போச்சு அந்தக் கண்ணு?

ஜூன் 14

எது எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல நான் எடுத்து வைத்தேன். சமையலறைத் திருப்பத்தில் சங்கு. நாற்காலிக் கைப்பிடியருகே கூழாங்கல் தட்டு. வாசல் ஸ்டூலில் ஹாரன். டீபாய் மாடிக்குப் போயிற்று. ஷோகேஸ் காலி.

ஜூன் 16

கண் டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 19

விடிந்ததும் ஹாரன் சத்தம். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போகிறார். எழுந்த கால்களை அடக்கிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஹாரன் – உள்ளே வந்துவிட்டார்.

ரீனா ஹாலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறாள். இந்த நோட்டு என்றைக்காவது உன் கைக்கு வரும், ரீனா. கண்ணை மூடிக்கொண்டு உன் வீட்டு வாசல்வரை ஒருமுறை நடந்து பார்.