உரிய நேரம் கழித்துத் திறக்கவும்

மார்ச் 4, செவ்வாய்

பழுதுபார்க்கும் கம்பெனிக்கு வலைப்பதிவு எழுதிப் பிழைக்கும் எனக்கு இன்று ஒரு சட்டம் வந்தது. முதலாளி ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். இனி எழுதுவதெல்லாம் பத்து வருஷம் பயன்பட வேண்டுமாம். "எவர்கிரீன்மா! ஒரு தடவை எழுதணும், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாது." மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். இந்த நோட்டில் இனி அவர் பெயர் சாகாவரம்.

பழசாகக் கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தேதி கூடாது. விலை கூடாது. 'புதிய' என்ற சொல்கூடக் கூடாது, அது நாளைக்குப் பழசாகிவிடும். இதை எப்படி மறுத்துப் பேசுவது?

மார்ச் 6

களையெடுப்பு. குளிர்சாதனப் பெட்டிக் கட்டுரை நாற்பது வரியிலிருந்து ஆறு வரிக்கு வந்தது. "உரிய பொத்தானை உரிய முறையில் அழுத்தவும்" என்று எழுதினேன். கிண்டலாகத்தான். சாகாவரம் பூரித்துப்போனார். "இதுதாம்மா! நூறு வருஷம் ஆனாலும் இதுல ஒருத்தன் தப்புக் கண்டுபிடிக்க முடியாது."

மார்ச் 11

இன்று கத்தி என் செல்லக் கட்டுரைக்கு வந்தது. வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது — போன வருஷம் எங்கள் மெக்கானிக் அண்ணனோடு ஒரு மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுதியது. கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்ற வேண்டும். "சுடுதண்ணியில துவைச்சிருந்தா ஒரு மணி நேரம் ஆறட்டும்னு மறக்காம போடுங்க. திறந்தா மொத்தமும் கால்லதான் கொட்டும்" என்று அவர்தான் சொன்னார். போட்டிருந்தேன்.

சாகாவரம் அந்த வரியில் விரலை வைத்தார். "ஒரு மணி நேரம்னா அது நம்பர். நாளைக்கு வர்ற மெஷின் பத்து நிமிஷத்துல ஆறிடும். அப்ப இது பழசு." சுடுநீர் என்ற பேச்சும் வேண்டாமாம், படிக்கிறவர் பயந்து பாதியில் ஓடிவிடுவார். மாதக் கடைசியில் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு மாற்றினேன்: "உரிய நேரம் கழித்து மூடியைத் திறக்கவும்."

'வாஷிங் மெஷின்' மட்டும் தப்பியது. இருபது வருஷம் கழித்து அப்படி ஒன்று இருக்குமா என்று அரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, போகட்டும் என்று விட்டார்.

மார்ச் 31

ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று.

ஏப்ரல் 5, சனி

கூடப் பிறந்த அண்ணன் போன் செய்தான். வாஷிங் மெஷினிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அண்ணி காலில் கொட்டிவிட்டதாம்.

ஓடினேன். கட்டுப் போட்டு, காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். "பெட்ஷீட்டைச் சுடுதண்ணியில போட்டேன், பாதியில நின்னுடுச்சு. சரி, நீ எழுதினது இருக்கேன்னு எடுத்துப் பார்த்தேன். உரிய நேரம்னு இருந்துச்சா, அஞ்சு நிமிஷம் பொறுத்தேன். நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல. நீ எழுதினதுல தப்பு இருக்காது."

தப்பு இருக்காதாம்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்துச் செய்யக் கூடாதா அண்ணி?" சொல்லிவிட்டு, அவள் கொடுக்கச் சொன்ன காபியையும் குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

சொல்லிடணும். சொன்னா என்ன ஆகும்? அண்ணன் பேச மாட்டான். அண்ணி பேசுவா, பரவாயில்லைன்னு சொல்லுவா. அதைத்தான் என்னால தாங்க முடியாது. இல்ல, ஒருவேளை அதையும் சொல்லாம விட்டுட்டா?

ஏப்ரல் 7, திங்கள்

யாரையும் கேட்கவில்லை. பழைய வரியை அப்படியே திரும்பப் போட்டேன். அடியில் இதையும்:

"திருத்தம், ஏப்ரல் 7: இந்தக் கட்டுரையில் சுடுநீர் பற்றிய எச்சரிக்கை முன்பு இருந்தது. மார்ச் 11 அன்று அதை நீக்கினேன். பிறகு இதை நம்பிச் செய்த ஒருவரின் வலது கால் வெந்துவிட்டது. தவறு அவருடையதல்ல, என்னுடையது."

கீழே என் பெயர். இணைப்பை அண்ணிக்கு அனுப்பினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவள் வேறென்ன செய்வாள்?

ஏப்ரல் 9

சாகாவரம் கண்டுபிடித்துவிட்டார். தேதி! அதுவும் இரண்டு! "கம்பெனி மானத்தை வாங்கிட்டியேம்மா." நாளைக் காலைக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம். "எடுக்க மாட்டேன் சார்" என்றேன். மேஜை டிராயரைக் காலி செய்துவிட்டு வந்தேன்.

அண்ணியிடமிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 10

சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனால், சாகாவரத்துக்கு முகமெல்லாம் பல். நேற்று அந்தப் பக்கத்துக்கு வழக்கத்தைப் போல் ஒன்பது மடங்குப் பேர் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் அடிவரை படித்திருக்கிறார்கள். "இதுதாம்மா எவர்கிரீன்! எல்லாக் கட்டுரைக்கும் இப்படி ஒரு திருத்தம் போட்டுடு."

"தப்பே இல்லாத கட்டுரைக்குமா சார்?"

"தப்பு ஒண்ணு பண்ணிக்கம்மா."

மெக்கானிக் அண்ணனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். புதிதாக எதுவும் பண்ணத் தேவை இருக்கவில்லை. நாற்பது கட்டுரைகளில் முப்பத்தொன்றில் ஏற்கெனவே இருந்தது.

ஏப்ரல் 16

அண்ணி படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. படித்து ஒன்பது நாளாகிறது. வேலை மிஞ்சியது, மகிழ்ச்சி. அண்ணி?

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம் அண்ணி கூப்பிட்டாள். எடுத்தேன்.

"படிச்சேன்" என்றாள். "பதிமூணு நாளா உன்னைத் திட்ட வார்த்தை தேடிட்டிருக்கேன்."

"திட்டுங்க அண்ணி."

"வலது கால்னு போட்டிருக்கே. வெந்தது இடது காலுடி. பக்கத்துல உட்கார்ந்து காபி குடிச்சுட்டுத்தானே போனே? மொதல்ல அதைத் திருத்து."

திருத்தினேன். தேதி போட்டேன்.