ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டிய இரண்டு ஆட்டங்கள்

என்னங்க,

எந்த உலகத்தில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற என் மனுசனுக்கு, செல்வி எழுதுகிறேன். இரண்டு வருடமாக உங்களோடு மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அது போதவில்லை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி பேசியாக வேண்டும். அவ்வளவு கோபம்.

முதலில் நல்ல சேதி. நம் ரோஸி இந்திய அணிக்குக் கோல்கீப்பர் ஆகிவிட்டாள். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி. முதுகில் ஒன்றாம் எண் போட்டுக்கொண்டு ஆசியப் போட்டிக்கு வெளிநாடே போய் வந்துவிட்டாள். விமானத்தில் கொடுத்த மிட்டாயைக்கூட எனக்கென்று எடுத்து வந்தாள். நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ள அரை நிமிடம் தருகிறேன். பட்டாச்சா? சரி, இனிமேல் கேளுங்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மன்னிப்புக் கடிதம். அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். ‘நான் பேசியது அனைத்தும் தவறு, நிபந்தனையின்றி வருந்துகிறேன்’ என்று ரோஸி சொல்வதாக எழுதி, கீழே ‘தந்தை’ என்று போட்டுக் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் அடுத்த முகாமில் அவளுக்கு இடம் உண்டு. சேராவிட்டால் கிடையாது.

அவள் என்ன பேசினாள், ஏன் பேசினாள் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். சிரிக்காதீர்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று பதினெட்டு வருடம் நீங்கள் சொல்லியும் புரியாதவள், இப்போது கோல் வித்தியாசம் வரைக்கும் விரல் விட்டுக் கணக்குப் போடுகிறேன்.

பிரிவுக்கு நாலு அணி. முதல் இரண்டு இடம் பிடித்தால் அரையிறுதி. நம்முடைய பிரிவில் மஞ்சள் சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்புச் சட்டை என்று மூன்று நாடுகள். நாட்டுப் பெயரைச் சொன்னால் அது வேறு சண்டையாகப் போய்விடும், சட்டையே போதும். நம் பிள்ளைகள் மஞ்சளோடும் வெள்ளையோடும் ஆடிச் சமன் செய்தார்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளை அடித்த பெனால்டியை நம் ரோஸி இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். நான் வீட்டில் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

மஞ்சளும் வெள்ளையும் ஆளுக்கு ஒரு தடவை கறுப்பை ஜெயித்திருந்தார்கள். ஒருத்தர் மூன்று கோல் வித்தியாசத்தில், இன்னொருத்தர் நாலு. ஆகக் கடைசி நாள் மிச்சம் இருந்தது இரண்டே ஆட்டம். நாம் கறுப்போடு. மஞ்சள் வெள்ளையோடு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், இல்லையா? உலகக் கோப்பையிலேயே அப்படித்தானே? முன்னொரு காலத்தில் இரண்டு அணிகள் பேசி வைத்த மாதிரி ஆடி ஊர் உலகமெல்லாம் காறித் துப்பிய பிறகுதான் அந்த வழக்கம் வந்தது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது.

அட்டவணையும் முதலில் அப்படித்தான் இருந்தது. நடுவில் மழை பெய்து ஒரு மைதானத்தில் தண்ணீர் நின்றுவிட்டதாம். உடனே நம் பிள்ளைகளை மட்டும் பஸ்ஸில் ஏற்றி எட்டு மணி நேரம் தள்ளி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே விளக்கு வசதி இல்லை, அதனால் உச்சி வெயிலில் ஆட்டம். மஞ்சளும் வெள்ளையும் ஓட்டலுக்குப் பக்கத்து மைதானத்திலேயே, சாயங்காலம், டிவிக்குத் தோதான நேரத்தில். நம்முடையது முடிந்து மூன்று மணி நேரம் கழித்து! பெண் பிள்ளைகள் ஆட்டம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. இதே பெரிய ஆண்கள் ஆட்டமாக இருந்தால் செய்வார்களா? தைரியம் வருமா?

வேகாத வெயிலில் ஆடி நம் பிள்ளைகள் இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். ஐந்து புள்ளி. மற்ற இரண்டு பேருக்கும் அப்போது நாலு நாலு. உங்கள் தம்பி சேவியர் என்ன செய்தார் தெரியுமா? “அண்ணி, அவனுங்க ரெண்டு பேருக்குள்ள ஒருத்தன் தோத்துதானே ஆகணும்! நாம உள்ள போயாச்சு!” என்று கத்திக்கொண்டே டவுனுக்குப் போய் பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். ‘அரையிறுதியில் எங்கள் வீராங்கனை’. நடுவில் ரோஸி, சுற்றி இருபத்திரண்டு பையன்கள் கறுப்புக் கண்ணாடியோடு, மூலையில் நீங்கள். பிளெக்ஸ் இல்லாமல் நம்மூரில் எந்த சந்தோஷமாவது முழுசாகியிருக்கிறதா? பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டு வெடியும் போட்டார்கள். நானும் சும்மா இல்லை. ஓடிப் போய் ஃபாதரிடம் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

சமன் என்று ஒன்று இருப்பது எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை. அவர்கள் சமன் செய்தால் மூன்று அணிக்கும் ஐந்து புள்ளி. கோல் வித்தியாசம் பார்த்தால் நாம்தான் கடைசி. அந்த இரண்டு பேருக்கும் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே இது தெரியும். தெரிந்துகொள்ள மூன்று மணி நேரம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்களே!

சாயங்காலம் சமூகக்கூடத்தில் பெரிய டிவியில் போட்டார்கள். நூறு பேர் கூடியிருந்தோம். முதல் பத்து நிமிடம் ஏதோ ஓடினார்கள். அப்புறம் மஞ்சள் தன் பக்கத்திலேயே பந்தை அங்கேயும் இங்கேயும் தள்ளிக்கொண்டது. வெள்ளை பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு பந்து வெள்ளையிடம் போனது, மஞ்சள் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது பாதி முழுக்க இதே கூத்து. “ஏம்மா செல்வி, இவளுங்க வெளையாடுறாளுங்களா, இல்ல பந்துக்குக் காவல் காக்குறாளுங்களா?” என்று முன் வரிசையிலிருந்து கோவிந்தராசு மாமா கேட்டார்.

நம் வயலுக்கு அடுத்து, வாய்க்கால் முடிகிற கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் அவர். கால்பந்தில் அவருக்கு அ, ஆ தெரியாது. ஆனால் சேவியர் புள்ளிக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்ததுமே கையை உதறி எழுந்துவிட்டார். “போதும்டா தம்பி, புரிஞ்சுபோச்சு. மேமடைக்காரன் ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டா கடமடைக்கு எங்கேருந்துடா தண்ணி வரும்? ரெண்டு மடையையும் ஒரே நேரத்துல தொறக்கச் சொல்லி நம்ம ரோஸியோட அப்பன் வருசாவருசம் வாய்க்கா வரப்புல நின்னு தொண்ட வறளக் கத்துனான். அது இந்த ஆபீசருங்களுக்குத் தெரியலயா?”

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் நீங்கள் ஒரு மடையில், நான் இன்னொரு மடையில், காதில் போனை வைத்துக்கொண்டு “ம், இப்பத் தூக்கு” என்று ஒரே நிமிடத்தில் பலகையைத் தூக்குவோமே. ஒருத்தன் முன்னால் திறந்து இன்னொருத்தன் பார்த்துத் திறந்தால் நடுவில் பேரம் நுழைந்துவிடும் என்பீர்கள். நம்மூரில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த நியாயம் இது. அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியாமல் போனதா, தெரிந்தே விட்டார்களா? நீங்களே சொல்லுங்கள்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நம் பிள்ளையிடம் எவனோ மைக்கை நீட்டியிருக்கிறான். ரோஸி சொன்னாள்: “ரெண்டு மேட்சையும் ஒரே டைம்ல வெச்சிருந்தா இது நடந்திருக்காது. எங்கள ஆட்டத்துல யாரும் ஜெயிக்கல, அட்டவணைலதான் தோக்கடிச்சாங்க. இத போட்டவங்க வாழ்க்கைல ஒரு தடவையாவது பந்தத் தொட்டிருக்காங்களா?”

அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தத் தாள்.

அணியோடு போயிருந்த மேனேஜர் அம்மா போன் செய்தார். கெட்டவர் இல்லை, பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. “விதிப்படி யாரும் ஒரு தப்பும் பண்ணலம்மா. சமன் பண்ணக் கூடாதுன்னு எந்த ரூல்லயும் இல்ல. ஒரு கையெழுத்துதானே, போட்டு அனுப்பிடுங்க” என்றார். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. விதிப்படி தப்பு இல்லை என்பதுதானம்மா என் ஆத்திரமே என்றேன். விதியை மீறியிருந்தால் சிவப்பு அட்டை காட்டிவிட்டுப் போகலாம். விதியையே இப்படி வளைத்து வைத்தால் யாருக்கு அட்டை காட்டுவது?

போனை வைத்த பிறகு உங்களை நினைத்துத்தான் தடுமாறினேன். விதியென்றால் உங்களுக்கு வேதம். பொங்கல் ஆட்டத்தில் நடுவராக நின்று என் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி, ஆறு மாதம் எனக்குப் பிறந்த வீட்டு வாசலை அடைத்த ஆளாயிற்றே. கையெழுத்துப் போடு என்பீர்களா? போடாதே என்பீர்களா? நெஞ்சு வலி என்று சொன்ன அரை மணி நேரத்தில் போய்விட்டீர்கள். இப்படியெல்லாம் வரும், வந்தால் இதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு, தெரிந்துகொள்ளுங்கள்.

ரோஸி வந்து இறங்கிய அன்று பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் அப்படியே இருந்தது. அவிழ்க்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. அவள் நின்று பார்த்தாள். பையைத் திண்டில் வைத்துவிட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தார்கள். சேவியர் குழந்தை மாதிரி அழுதார்.

வியாழக்கிழமை தாளை அவள் முன்னால் வைத்தேன்.

“போட்டுடும்மா. எனக்கு ஆடணும்,” என்றாள்.

“மனசாரத்தான் சொல்றியா?”

“மனசார இல்ல. ஆனா ஆடணும்.”

“சரி, போடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். நீ பேசுனதுல எது தப்பு? அத மட்டும் சொல்லு,” என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தாள். முட்டியைக் கட்டிக்கொண்டு, உங்களை மாதிரியே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. “கடைசியாக் கேட்டது தப்புதாம்மா. பந்தத் தொட்டிருக்காங்களான்னு. அவங்க தொட்டிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? மத்த ரெண்டும் தப்பில்ல.”

பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. இத்தனை ஆத்திரத்திலும் எதிராளிக்குச் சேர வேண்டியதைப் பிரித்துக் கொடுக்கிறாள் பாருங்கள். உங்கள் பதில் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

அவர்கள் தாளை அப்படியே வைத்துவிட்டு, நோட்டிலிருந்து வேறொரு தாளைக் கிழித்து அவள் கையாலேயே எழுதினாள். பந்தைத் தொட்டீர்களா என்று கேட்டதற்கு வருந்துகிறேன். இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதற்கு வருந்தவில்லை, அடுத்த முறையாவது அப்படி வையுங்கள். நான் கீழே ‘தாய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சேவியர் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிட்டார்.

முந்தாநாள் முகாம் பட்டியல் வந்தது. மூன்று கோல்கீப்பர்கள் பெயர் இருந்தது. ரோஸி பெயர் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தபோது சுற்றுச்சுவரில் பந்தை எறிந்து எறிந்து ஒற்றையாளாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இருந்தவரை அவளுக்குப் பந்து உதைத்தது நீங்கள். அதற்குப் பிறகு முகாம். இப்போது அந்தப் பெண்ணுக்குச் சுவர்தானா? எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகினேன், செருப்பை உதறினேன், ஓடிப் போய் ஒரு உதை விட்டேன். பந்து கோலுக்கும் போகவில்லை, அவளிடமும் போகவில்லை, நேராக வடிகாலுக்குப் போயிற்று. “அம்மா, நீ கோலுக்கு அடிக்கிறியா, கொக்கு வெரட்டுறியா?” என்று சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நேற்றும் உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் ஒரு பந்து தரையோடு போய் அவள் கையில் சேர்ந்தது. நாற்பத்தாறு வயதில் இது போதாதா? போதாது. என் மகளை இவர்கள் எத்தனை பட்டியலில் விட்டாலும் சரி, அடுத்த தேர்வு வருகிற வரைக்கும் தினம் காலையில் அவளுக்கு எதிரே நான் நிற்பேன். அவள் முழுசாகப் பாய்ந்தும் எட்டாத ஒரு பந்தை உதைக்காமல் விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் விசிலுக்குக் கட்டுப்படாத ஒரே ஆளும்,
உங்கள் மகளுக்கு இனி பந்து உதைப்பவளுமான
உங்கள் மனைவி செல்வி