ஈசானி மூலையில் அடுப்பு

ஆவடி
9.1.1992

அன்புள்ள ஜெகதா,

நாங்கள் இருவரும் சௌக்கியம். பாப்பாவுக்கு மட்டும் சளி. உன் பொங்கல் வாழ்த்து வந்தது. உள்ளே ஏதோ மடித்த காகிதம் இருக்கிறதே என்று ஆசையாகப் பிரித்தால், இன்ஷூரன்ஸ் நோட்டீஸ்! இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்தவளுக்கு அனுப்புகிற வாழ்த்தாடி இது? திருச்சி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உன்னை ஆள் பிடிக்கச் சொல்லிவிட்டார்களா?

என் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாப்பா பிறந்ததும் அம்பத்தூர் வேலையை விட்டேன் அல்லவா, இப்போது சாப்பாட்டு மேஜையில் டிராயிங் போர்டைச் சாய்த்துவைத்து வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். இது ஐந்தாவது. இவருடைய ஃபாக்டரியில் ஃபிட்டராக இருக்கும் துலுக்கானம் அயனம்பாக்கத்தில் வீடு கட்டப்போகிறார். கிழக்குப் பார்த்த மனை. "அக்கினி மூலைல அடுப்பு, ஈசானி மூலைல பூஜ ரூமு. இது ரெண்டும் மாறக்கூடாது தங்கச்சி. மத்தத நீ இன்னா வோணா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார். அதாவது அடுப்பு தென்கிழக்கில், சாமி வடகிழக்கில்.

நான் போடுவது காகிதத்தில் கோடு. கோட்டுக்கெல்லாமா இன்ஷூரன்ஸ் எடுப்பார்கள்?

அன்புடன்,
லோகு

திருச்சி
16.1.1992

அன்புள்ள லோகு,

பாப்பாவுக்குச் சளி போயிற்றா? கற்பூரவல்லி கொடு.

கோட்டுக்குத்தாண்டி முதலில் எடுக்க வேண்டும். அம்பத்தூரில் இருந்தபோது நீ தப்பாகக் கோடு போட்டால் கம்பெனி பதில் சொல்லும். இப்போது நீ தனியாள். தப்பு நேர்ந்தால் உன் தாலிக்கொடிதான் கம்பெனி.

இங்கே ஒருவர் உன்னைப்போலவே வீட்டிலிருந்து யோசனை சொல்லிப் பிழைத்தவர். தண்ணீர்த் தொட்டிக்கு அளவு எழுதும்போது அடிக்குப் பதில் மீட்டர் என்று எழுதிவிட்டார். இப்போது அந்தத் தொட்டியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நீச்சல் பழகுகிறார்கள். அவர் மட்டும் கோர்ட்டில் மூழ்கிக்கொண்டிருக்கிறார். தொழிலில் நேரும் தவறுக்கென்றே ஒரு பாலிசி இருக்கிறது. வக்கீல் செலவுகூட அதில் வரும். விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. கோபப்படாமல் படி.

உன்,
ஜெகதா

ஆவடி
20.1.1992

ஜெகதா,

நான் ஏற்கனவே பயந்தவள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். பாப்பா அதிக நேரம் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள். எனக்குப் போய் தொட்டிக் கதை எழுதுகிறாயே! இவர் படித்துவிட்டு, "உன் ஃப்ரெண்டுக்கு இதில் எவ்வளவு கமிஷன்?" என்று கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இனிமேல் பாலிசியைப் பற்றி எழுதினால் பதில் போடமாட்டேன்.

லோகநாயகி

ஆவடி
11.5.1992

என் அருமை ஜெகதா,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கமிஷன் என்று எழுதியதற்கும்.

துலுக்கானம் வீட்டுப் பிளானை, இரண்டு பக்கமும் கோடு தெரிகிற டிரேசிங் பேப்பரில் முடித்துவைத்திருந்தேன். லோனுக்குக் கொடுத்த பிரிண்ட் சரியாக இருந்தது. பிறகு மேஸ்திரிக்கென்று ஒரு பிரிண்ட் கேட்டார்கள். அதற்குள் பாப்பா டிரேசிங் மேல் கேழ்வரகுக் கஞ்சியைக் கவிழ்த்துவிட்டாள். துடைத்து, கவிழ்த்துப் போட்டுக் காயவைத்தேன். காய்ந்ததும் அப்படியே சுருட்டிக்கொண்டு கரையான்சாவடி பிரிண்ட் கடைக்கு ஓடினேன். நான் கொடுத்த பக்கத்தை வைத்தே அவர்கள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். இடுப்பில் பாப்பா அழுகை, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரி கையில் போனது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக மாறிய பிளான்.

துலுக்கானம் மூன்று மாதம் டிரெயினிங்குக்கு வெளியூர் போயிருந்தார். நேற்று திரும்பி வந்து பார்த்தால், சுவர் ஜன்னலுக்கு மேல் ஏறிவிட்டது. அடுப்படி ஈசானி மூலையில் இருக்கிறது. பூஜை அறை அக்கினி மூலையில்.

மேஸ்திரி வேம்புலியைக் கேட்டேன். "எழுத்து திரும்பி இருக்கிறதே, தெரியவில்லையா?"

"எனுக்கு இங்கிலீசு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதாம்மா. நம்பருதான் திரும்பிக்கினு இருந்திச்சி. சலூனுக்கு எட்த்துகினு போயி கண்ணாடில காட்டிப் படிச்சேன். படிச்ச பொண்ணு, எதோ புது மாடலா போட்ருக்குன்னு நென்சேன்."

ஒரு நாள் இல்லை ஜெகதா, மூன்று மாதமும் அந்த மனுஷன் சலூனுக்கு நடந்திருக்கிறார்!

துலுக்கானம் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, "சாமிய நெருப்புல ஒக்கார வெச்சிட்டியே தங்கச்சி! உன் செலவுல இட்ச்சிக் கட்டிக் குடு. இல்லாங்காட்டி வக்கீல் நோட்டீசு" என்று கத்தினார். நாலு வீட்டுக் கதவு திறந்தது. இவர் ஃபாக்டரியில் தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். இவர் நேராக உள்ளே போனார். போர்டை மட்டும் எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ அனுப்பிய விண்ணப்பம் இன்னும் இருக்கிறது. ஜனவரித் தேதி போட்டு ஒரு பாலிசி கொடுத்துவிடேன். யாருக்கும் தெரியாது.

உன் லோகு

திருச்சி
16.5.1992

அன்புள்ள லோகு,

ஹாஸ்டல் ஜெகதா உன் கடிதத்தைப் படித்து அழுதாள். ஆபீஸ் ஜெகதா சொல்கிறாள்: முடியாது. தேதியை முன்னால் போட்டால் என் வேலை போகும், உன் பெயரும் போகும். நடந்து முடிந்ததற்குப் பாலிசி கிடையாது. இனி நடக்கப்போவதற்குத்தான். இன்னொன்று, எனக்குக் கமிஷன் கிடையாது. எனக்கு மாதச் சம்பளம். அதை உன் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டு.

பாலிசி இருந்திருந்தால், "எங்களைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொள்ளாதே" என்று உன் வாயைக் கட்டியிருப்போம். பாலிசி இல்லாததால் உண்மையைப் பேசுகிற ஒரு வசதி உனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போ. தப்பு என்னுடையது என்று சொல். எதை இடிக்க வேண்டும், எதை இடிக்காமல் சரிசெய்யலாம் என்று அளந்து பார். எதிலும் கையெழுத்துப் போடாதே. பரணிலிருந்து போர்டை இறக்கு.

ஜெகதா

ஆவடி
25.5.1992

அன்புள்ள ஜெகதா,

போனேன். பாப்பாவையும் இவரையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். அடிக்க வந்தால் தடுக்க ஒருவர், பார்த்தால் இரக்கம் வர ஒருத்தி.

துலுக்கானத்திடம், "தப்பு என்னுடையதுதான் அண்ணா, மேஸ்திரியைத் திட்டாதீர்கள்" என்றேன். அவர் கடப்பாரையைக் காட்டி, எந்தச் சுவரை முதலில் இடிக்கலாம் என்று கேட்டார். அப்போது அவர் மனைவி அங்கம்மா, சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், குடத்தை நங்கென்று வைத்தாள்.

"ஒரு செங்கல்ல தொட்ட, பாத்துக்க!"

"இன்னாமே சொல்ற? அடுப்பு ஈசானில கீது!"

"இருந்துட்டுப் போவட்டும். தெக்கால யாரு ஊடு? உங்க அண்ணன் ஊடு. எங்க ஓரகத்தி பொன்னியம்மா ஊடு. பளய பிளான்ல என் அடுப்படி ஜன்னலும் அவ ஜன்னலும் மூஞ்சிக்கு மூஞ்சி. நான் மீனு வாங்குனாலும் அவளுக்குத் தெரியும், வாங்காங்காட்டியும் தெரியும். இப்ப என் ஜன்னலு ஏரிப் பக்கம். காத்து வர்து, அவ மூஞ்சி வரல."

"அடிப்பாவி, உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்ன அன்னிக்கே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஊர்ல இல்ல. கேக்க ஆளில்ல. நான் கம்னு தண்ணி ஊத்திகினு இருந்தேன்."

"அப்ப சாமி? சாமி நெருப்பு மூலைல கீதே!"

"வெளக்கு ஏத்துறியே, அது இன்னா ஐசா?"

வேம்புலி சாரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார். துலுக்கானம் கடப்பாரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ வாங்கின அட்வான்சு அவகிட்டயா, என்கிட்டயா?" என்று கேட்டார். கடைசியில் சமையலறைக்கு உள்ளேயாவது அடுப்பு அக்கினி மூலையில் வரவேண்டும் என்று ஒத்துக்கொண்டார். மேடையை அதற்கேற்ப வரைந்து கொடுத்தேன். சுவர் பிழைத்தது. அதற்குப் பதிலாக, மாடி கட்டும்போது நான் காசு வாங்காமல் பிளான் போட்டுத் தர வேண்டும், அதை அவரே முதலில் பிரித்துப் பார்ப்பார்.

பஸ்ஸில் இவர், "தப்பிச்சோம்" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை ஜெகதா. அடுத்த மனைக்குப் பக்கத்தில் ஓரகத்தி இல்லாவிட்டால்? அல்லது அவர்கள் ஒற்றுமையாக இருந்துவிட்டால்? ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு குடும்பச் சண்டையை நம்பித் தொழில் செய்ய முடியுமா?

போர்டு மேஜைக்கு வந்துவிட்டது, இவரேதான் இறக்கினார். விண்ணப்பத்தை நிரப்பி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன். "இதுவரை நேர்ந்த தவறுகள்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். போதவில்லை. ஏழு பக்கம் தனியாக இணைத்திருக்கிறேன்.

உன் லோகு

திருச்சி
8.6.1992

அன்புள்ள லோகு,

உன் பாலிசி தயார். பதினைந்தாம் தேதி முதல் அமலுக்கு வருகிறது. அதுவரை கோலம்கூடப் போடாதே.

உன் ஏழு பக்கத்தையும் எங்கள் மேனேஜர் கேன்டீனுக்கே எடுத்துப்போய்ப் படித்தார். "இப்படிப் பயப்படுறவங்கதாம்மா நமக்கு நல்ல பார்ட்டி" என்றார். துலுக்கானம் வீட்டு விஷயம் மட்டும் போதும், பாப்பாவுக்கு ஒருமுறை உப்புப் போட்ட பால் கொடுத்ததெல்லாம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

ஆறாம் பக்கத்தை நான் உருவிக்கொண்டேன். அது ஆபீஸ் விஷயம் இல்லை. 1984இல் என் மாம்பழக் கலர் பட்டுப்புடவையை இஸ்திரிப் பெட்டியால் கருக்கியது நீதான் என்று அதில் எழுதியிருக்கிறாய். எட்டு வருஷமாக நான் ஹாஸ்டல் இஸ்திரிக்காரர் மதுரைவீரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேனடி!

இதற்குப் பாலிசி கிடையாது. ஆடித் தள்ளுபடியில் மெட்ராஸ் வருகிறேன். நேராக ஆவடிக்குத்தான் வருவேன். ஸ்டேஷனுக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா. இரக்கம் வருகிறதா என்று பார்க்கலாம்.

உன்,
ஜெகதாம்பாள்